முதுகு காட்டும் கிளிகள்

இருபத்தெட்டு வருஷமாக டெல்லித் தமிழர்கள் பாடை அலங்காரத்துக்குக் கீழே நின்று பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்த ஆள் மாணிக்கவாசகம் ஒருத்தர்தான். அவர் வாயைத் திறந்தால்தானே.

ஆர்.கே.புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் குமாஸ்தா. பதவிக்கு இப்போது ஏதோ நீளமான புதுப்பேர் வைத்திருக்கிறார்கள், வேலை அதேதான். அவர் மேஜைக்கு வந்த கோப்பு நிம்மதியாகத் தூங்கும். எழுப்ப வேண்டுமென்றால் மேலதிகாரியே நடந்து வரவேண்டும். ஆனால் காகிதம் வெட்டவேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், மனுஷனுக்கு எங்கிருந்துதான் சுறுசுறுப்பு வருமோ. யாராவது ஓய்வு பெற்றாலும், புது ஜாயிண்ட் செக்ரட்டரி வந்தாலும், ஹிந்தி பக்வாடா என்று பதினைந்து நாள் விழா கொண்டாடினாலும், ஏன், புது ஜெராக்ஸ் மெஷினுக்குப் பொட்டு வைத்தாலும்கூட, "மாணிக் சாப், ஜரா சஜா தீஜியே", கொஞ்சம் அலங்காரம் பண்ணிக் கொடுங்கள் என்று கூப்பிட்டு விடுவார்கள். அரைமணி நேரத்தில் சுவர் நிறையத் தாமரையும் கிளியும் கோபுரமுமாகத் தொங்கும். ஜாயிண்ட் செக்ரட்டரி "சவுத் இண்டியன் ஆர்ட், பியூட்டிஃபுல்" என்பார். மாணிக்கவாசகம் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்.

அலுவலகத்தோடு நின்றதா? கொலுப்படிக்கு அவர் வெட்டு. பிள்ளையார் குடைக்கு அவர் வெட்டு. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் மலை மந்திருக்குக் காவடி எடுத்தபோது அதைச் சுற்றி ஆடிய சல்லடைக் காகிதமும் அவர் வெட்டுதான். முருகனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும். தெரிந்தும் அவன் பேசாமல்தான் இருந்தான், இவரும் பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்தார்.

விஷயம் இதுதான். மாணிக்கவாசகத்தின் அப்பா கலியன் பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பாடை கட்டுகிறவர். சாதாரணப் பாடை இல்லை, தேர்ப்பாடை. மூங்கிலை வளைத்து நாலு நிலை கட்டி, உச்சி முதல் அடிவரை வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டினால் செத்தவனே ஒரு தடவை எழுந்து பார்த்துவிட்டுப் படுக்கலாம் போல இருக்கும். கலியனிடம் இருந்தது ஏழே ஏழு வெட்டு. தாமரை, கோபுரம், சல்லடை, கிளி, இன்னும் மூன்று. காகிதத்தை எட்டாக மடித்துக் கத்தரிக்கோலை ஒரு சுற்றுச் சுற்றிப் பிரித்தால் போதும். அந்த ஏழும் பையன் கையிலும் அப்படியே ஏறிவிட்டன. படிப்பு அதைவிடக் கொஞ்சம் கம்மியாக ஏறியது, ஆனாலும் மத்திய அரசுத் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் முனிர்காவில் நாலு பேர் படுக்கும் அறையில் அஞ்சாவது ஆளாக இருந்தார். அலுவலகத்தில் ஒரு அதிகாரிக்குப் பிரிவு உபசார விழா. அலங்காரம் ஒன்றுமில்லாமல் கூடம் ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருந்தது. இவர் பழைய டெல்லிக்குப் போய்ப் பட்டம் செய்கிற காகிதம் நாலு கட்டு வாங்கி வந்து வெட்டித் தொங்கவிட்டார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். மாணிக்கவாசகம், அப்பா ஊரில் கோயில் அலங்காரம் செய்கிறவர் என்றார். அன்றைக்கு வாயில் வந்த பொய் அது. அப்புறம் சர்வீஸ் புக் மாதிரி அதுவும் கூடவே வந்தது.

அவருக்கும் மனசாட்சி என்று ஒன்று இருந்தது, சின்னதாக. பாடைக்கு வெட்டும்போது கிளியின் முதுகு மடிப்பு ஓரத்தில் இருக்கவேண்டும் என்பது கலியனின் சட்டம். பிரித்தால் இரண்டு கிளியும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். போகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாதாம், அதனால் கிளியும் பார்க்கக்கூடாதாம். டெல்லியில் மாணிக்கவாசகம் காகிதத்தைத் திருப்பிப் பிடித்து, மூக்கை மடிப்பு ஓரத்தில் வைத்து வெட்டினார். பிரித்தால் இரண்டு கிளியும் மூக்கோடு மூக்கு வைத்துக் கொஞ்சும். அந்த ஒரு மாற்றத்தோடு பாடை மங்களகரமாகிவிட்டது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

மகள் சிந்துவுக்குக் கல்யாணம் வரும்வரை அந்தத் தீர்ப்புக்கு யாரும் அப்பீல் போடவில்லை.

சிந்து டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். குர்காவ்னில் வேலை. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவள் காதலித்த அர்விந்தும் அதே ரகம். பையனின் அப்பா வெங்கடேஸ்வரன் பொதுத்துறை நிறுவனத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு குடும்பமும் வேறு வேறு சாதி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பையன் ஒற்றைக்காலில் நின்றான். பெரியவர்களும் 'சென்ட்ரல் கவர்மெண்ட் உத்தியோகம்' என்பதைத் தொட்டுக்கொண்டு கஷ்டப்பட்டு முழுங்கினார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு ஊரிலிருந்து வெங்கடேஸ்வரனின் அக்கா வந்து இறங்கியபோது மாணிக்கவாசகம் இரண்டடி பின்னால் ஒதுங்கிக்கொண்டார். குஞ்சம்மாள். மாணிக்கவாசகத்தின் சொந்த ஊரிலேயே மேலத்தெரு அரிசி ஆலை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். அந்தத் தெருவில் மாணிக்கவாசகம் முதன்முதலாகச் செருப்புப் போட்டு நடந்ததே டெல்லி வேலை கிடைத்து லீவில் போனபோதுதான். குஞ்சம்மாளின் புருஷன் இறந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்தத் தேர்ப்பாடையைக் கட்டியவர் கலியன். அப்போது லீவில் போயிருந்த மாணிக்கவாசகமும் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கிளி வெட்டிக் கொடுத்தார். இவர் அந்த அம்மாளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். அந்த அம்மாளுக்கு இவரைத் தெரியவில்லை. பாடை கட்ட வந்தவன் மூஞ்சியை யார் பார்க்கிறார்கள்?

அன்றைக்கே வெங்கடேஸ்வரன் கேட்டார், உங்கள் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று. பொய் தயாராக இருந்தது. கோயில் அலங்காரம் என்றார் மாணிக்கவாசகம். ஊரைக் கேட்டதற்குப் பண்ருட்டிப் பக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். வெங்கடேஸ்வரன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பரவாயில்லை, தெய்வ காரியம் செய்த குடும்பம் என்று அக்காவிடம் சொன்னார். மாணிக்கவாசகத்தின் மனைவி கனிமொழி இதைக் கேட்டுக்கொண்டே காபி ஆற்றினாள். வீட்டுக்கு வந்ததும், "இது தெரிஞ்சா எம்பொண்ணு கல்யாணம் நின்னுடும், பாத்துக்க" என்றாள்.

சும்மா இருந்திருந்தால் எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். சிந்து இருக்கவிடவில்லை. கல்யாண மேடை அலங்காரம் முழுக்க அப்பா கையால் வெட்டியதாகத்தான் இருக்கவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்பா வெட்டிய கொலு அலங்காரத்தை எடுத்து ஏதோ இன்ஸ்டாகிராமில் போட்டு அதற்கு ஆயிரம் இதயம் வேறு வாங்கி வைத்திருந்தாள். மாணிக்கவாசகம் பூ அலங்காரம் போடலாமே என்றார். தெர்மோகோல் நன்றாக இருக்குமே என்றார். கடைசியில் மானத்தை விட்டுப் பலூன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். "அப்பா, பலூனா? நான் என்ன ரெண்டு வயசு பாப்பாவா?" என்று கேட்டுவிட்டு அவள் ஆபீஸ் போய்விட்டாள்.

சரி, புதுசாக ஒரு வெட்டைக் கண்டுபிடிப்போம் என்று லீவு போட்டு உட்கார்ந்தார். மயில் வெட்டினார், உரித்த கோழியாக வந்தது. ரோஜா வெட்டினார், கோஸாக வந்தது. யானை வெட்டியதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. மூன்று நாள் காகிதத்தை நாசம் செய்த பிறகு தெரிந்தது, கைக்குத் தெரிந்தது ஏழுதான், எட்டாவது அதற்குள் நுழையாது. கிளியை மூக்கோடு மூக்கு வைத்துவிட்டால் கிழவியம்மாளுக்குப் பிடிபடாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். சிவப்பு, மஞ்சள், தங்க நிறம். மேடையின் பின்சுவர் முழுக்க ஒரு பெரிய வளைவு. வளைவின் நடுவில் நாற்பது ஜோடிக் கிளி.

கிளி வெட்டிய அன்றைக்குத்தான் சமையல்காரர் போன் செய்தார். அவியல் செய்ய ஆள் இல்லை, உருளைக்கிழங்கு வறுவல் போட்டுவிடலாமா என்றார். ஆர்.கே.புரத்தில் அவியல் இல்லாமல் ஒரு பந்தியா? மாணிக்கவாசகம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் சண்டை போட்டார். கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்தது. சண்டையில் ஜெயித்துவிட்டார், அவியல் உறுதியானது. வெட்டிய காகிதங்களைப் பிரித்துப் பார்க்காமல் மடித்தபடியே அடுக்கிக் கட்டி வைத்தார். மெல்லிசுக் காகிதம், முன்கூட்டியே பிரித்தால் கிழியும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நாலரை மணி. ஏழு மணிக்கு வரவேற்பு. சமுதாயக் கூடத்தில் மேடைக்காரர்கள் காகிதங்களைப் பிரித்து ஒட்டி முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். மாணிக்கவாசகம் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து மேடையைப் பார்த்தார்.

நாற்பது ஜோடிக் கிளியும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

இருபத்தெட்டு வருஷம் ஜாக்கிரதையாக இருந்த கை, அவியல் சண்டையில் கவனம் போனதும் அப்பன் பிடித்தபடி பிடித்துவிட்டது. இப்போது அது டெல்லி மேடையே இல்லை. மேலத்தெரு அரிசி ஆலை வாசலில் நின்ற அதே தேர். ஒரு மாற்றமும் இல்லை, உள்ளே ஆள் படுக்காததுதான் பாக்கி.

ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். கிளிகளை மட்டுமாவது பிய்த்துவிடலாம் என்று கையை நீட்டும்போது பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. ஊரிலிருந்து வந்த அக்காவை ரயிலடியில் அழைத்துக்கொண்டு நேராக வந்த மாப்பிள்ளை வீட்டார். முன்னால் குஞ்சம்மாள், பக்கத்தில் வெங்கடேஸ்வரன், பின்னால் பெட்டியோடு அர்விந்த். மாணிக்கவாசகம் மூன்றாம் படியில் நீட்டிய கையோடு நின்றார். கனிமொழி காபித் தட்டோடு ஓடி வந்து, மேடையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டாள்.

குஞ்சம்மாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அப்பா அம்மா போனபின் தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தது அந்த அம்மாள்தான். அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் பத்திரிகையில் மஞ்சள் தடவுவது தொடங்கி சீர்வரிசைத் தட்டு வரைக்கும் அவர் ஏற்பாடுதான். முகூர்த்த நேரத்தில் மட்டும் கடைசி வரிசைக்குப் போய்ச் சமையற்கட்டுப் பக்கம் உட்கார்ந்துகொள்வார். போய் உட்காருங்கள் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் சொல்லவேண்டியிருக்கவுமில்லை. புருஷன் இல்லாத பொம்பளை முகூர்த்த மேடைக்கு எதிரே உட்காரக்கூடாது என்பது அந்த வீட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

குஞ்சம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேடையை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் குஞ்சம்மாள். "எங்க வாங்குனது, ஆன்லைன்லயா? சைனாக்காரன் என்னமா செய்யிறான் பாரு."

தப்பித்தாயிற்று. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். மகள் கல்யாணம் நடந்துவிடும், இவரும் ஏணியிலிருந்து இறங்கி அவியலைக் கவனிக்கப் போகலாம். இருபத்தெட்டு வருஷமாகத் தலையாட்டிப் பழகியவர்தான்.

ஆனால் தலை ஆடவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அநியாயமான, நேரங்கெட்ட கோபம். எவனாவது அடையாளம் கண்டுபிடித்துவிடுவானோ என்று இத்தனை வருஷம் பயந்து செத்தாரே, கடைசியில் அந்த ஊர்க்காரி, அந்த வீட்டுக்காரி, அதே கிளியைப் பார்த்துவிட்டு சைனா என்கிறாளே. அப்பன் விரல் தேயத் தேய வெட்டியது சைனாக்காரன் கணக்கிலா போய்ச் சேரவேண்டும்? அப்பனை மறைத்த தன்னை நினைத்தால் அசிங்கமாக இருந்தது.

ஏணியில் நின்றபடியே சொன்னார். "சைனா இல்லீங்க. எங்கப்பா வெட்டு இது. கலியன்னு பேரு, உங்க ஊருதான். பாடைக்கு வெட்டுறவரு. கோயில் அலங்காரம்னு நான் சொன்னது பொய்."

கனிமொழி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். காபித் தட்டு அங்கே இருந்தது அவளுக்கு ஞாபகமில்லை. புடவையெல்லாம் காபி.

வெங்கடேஸ்வரனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அதிகாரியாக இருந்தவர், குரலை உயர்த்தவில்லை. பொய் சொன்னதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் இதையெல்லாம் கழற்றுங்கள், வேறு யாருக்கும் தெரியவேண்டாம், ஒரு மணி நேரத்தில் பூக்காரனை வரவழைக்கிறேன் என்றார். கல்யாண மேடையில் இப்படி ஓர் அபசகுனத்தை வைத்துக்கொண்டு தன் பையன் தாலி கட்டமாட்டான் என்றும் சொன்னார். இது இருந்தால் நாங்கள் இப்படியே கிளம்புகிறோம் என்றார்.

சத்தம் கேட்டுச் சிந்து ஒப்பனை அறையிலிருந்து ஒரு கண்ணில் மட்டும் மை போட்டபடி வந்தாள். க்யா ஹுவா, என்ன ஆச்சு என்றாள். அர்விந்த் மெதுவாக விளக்கினான். பாடை என்ற வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. "அர்த்தி, அர்த்தி" என்று அவன் ஹிந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அண்ணாந்து கிளிகளைப் பார்த்தாள். தாத்தா வெட்டு இது என்று தன்னிடம்கூட ஏன் சொல்லவில்லை என்று அப்பாவைக் கேட்டாள்.

மகள் முகத்தைப் பார்த்ததும் மாணிக்கவாசகத்தின் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அப்பன் செத்து வருஷக்கணக்காகிறது, அவருக்கு இனி என்ன வந்தது. வாழவேண்டியவள் இவள். திரும்பி ஏணியில் இன்னும் இரண்டு படி ஏறி, முதல் காகிதத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

"அத விடு," என்றார் குஞ்சம்மாள்.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார். "எங்க வீட்டுக்காரருக்குக் கட்டுனதும் உங்கப்பாதானா?"

"ஆமாங்க. கிளி மட்டும் நான் வெட்டுனது."

"ஊரே வாய் வலிக்கப் பேசிச்சு, அப்படி ஒரு தேரு பாத்ததில்லன்னு. நான்தான் பாக்கல. மஞ்ச குங்குமத்த அழிக்கணும்னு மூலையில உக்கார வச்சிட்டாளுங்க. எம்புருஷன் எதுல போனாருன்னு எனக்கு மட்டும் தெரியாது."

வெங்கடேஸ்வரன் இடையில் புகுந்தார். அக்கா, அதெல்லாம் சரி, ஆனால் இது கல்யாண மேடை, நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்றார்.

குஞ்சம்மாள் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "அபசகுனம்தானேடா ஒனக்கு? அப்பிடின்னா மொதல்ல என்னை வெளிய அனுப்பு. அப்புறம் காகிதத்த எறக்கலாம்."

அக்கா கண்ணை வெங்கடேஸ்வரனால் பார்க்க முடியவில்லை. பூக்காரனுக்குப் போன் பண்ண எடுத்த கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குனிந்து அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

குஞ்சம்மாள் நேராக நடந்து வந்து முதல் வரிசையில் நடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேடையிலிருந்து ஐந்தடிகூட இருக்காது.

"அந்தக் கிளிய மட்டும் மூக்கோட மூக்கு திருப்பி ஒட்டிடவாங்க?" என்று மாணிக்கவாசகம் மேலிருந்து கேட்டார்.

"வேணாம். அன்னிக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கட்டும்," என்றார் குஞ்சம்மாள். "விளக்கப் பூரா போடச் சொல்லு. நான் பாக்கணும்."